கணிதப் பேராசிரியரை எப்போது எடைபோடுவது?

செமஸ்டர் முடியப்போகும் நாட்களில் கல்லூரி மாணவர்களிடம் ஃபீட்பேக் படிவம் ஒன்று வந்துசேரும். ஒவ்வொரு பாடத்துக்கும் ஆசிரியர் பெயர், அதன் கீழே சில கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண். தெளிவாக நடத்தினாரா, ஆர்வத்தைத் தூண்டினாரா, மொத்தத்தில் எப்படி? கைப்பேசியில் சில நிமிடங்களில் தட்டி முடித்துவிடலாம். அந்த எண்கள் சராசரியாகித் தசமப் புள்ளியோடு துறைத்தலைவரின் மேசைக்குப் போகின்றன. தனியார் கல்லூரிகளில் சம்பள உயர்வும் பணி நீட்டிப்பும் அதைப் பார்த்து முடிவாவதும் உண்டு. ‘நாக்’ எனப்படும் தேசிய மதிப்பீட்டு, அங்கீகாரக் குழு 2017-இல் கொண்டுவந்த திருத்திய நடைமுறையில் மாணவர் திருப்திக் கணக்கெடுப்பும் இடம்பெற்றதால், இந்த எண்களுக்கு மேலும் கனம் கூடியது. மாணவர்களிடம் கேட்பது நல்லது, கேட்டே ஆக வேண்டும். ஆனால் கணிதம் போன்ற ஒரு பாடத்தில், செமஸ்டர் முடிவில் மாணவர்கள் போடும் மதிப்பெண்ணை வைத்து அந்தப் பேராசிரியர் எவ்வளவு கற்றுக்கொடுத்தார் என்று முடிவுகட்டுவது தவறு என்பதே என் வாதம். வகுப்பறையில் என்ன நடந்தது என்பதற்கு மாணவரைவிட நல்ல சாட்சி கிடையாது. தனக்குள் எவ்வளவு கணிதம் இறங்கியது என்பது மட்டும் அவருக்கே அன்றைக்குத் தெரியாது. அது அடுத்த பாடத்தில்தான் வெளிப்படும்.

இப்படிச் சொல்வதற்கு உறுதியான சான்று, எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து கிடைத்திருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் விமானப்படைக் கல்விக்கழகம் இருக்கிறது. படை அதிகாரிகளை உருவாக்கும் நிறுவனம் என்றாலும், நான்கு ஆண்டு இளநிலைப் பட்டம் தரும் முழுமையான கல்லூரி அது. வரலாறு படிக்க வந்தவரும் அங்கே நுண்கணிதத்தின் இரண்டு பாடங்களையும், அவற்றை அடித்தளமாகக் கொண்ட அறிவியல், பொறியியல் பாடங்களையும் படித்துத்தான் ஆக வேண்டும். எந்தப் பேராசிரியரின் வகுப்பு என்பதை மாணவர் தேர்ந்தெடுக்க முடியாது. சுமார் இருபது பேர் கொண்ட பிரிவுகளாக நிர்வாகமே குலுக்கல்போலப் பிரித்துவிடும். எல்லாப் பிரிவுக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே வினாத்தாள், ஒரே நேரத்தில் தேர்வு. விடைத்தாள் திருத்துவதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. கணிதத்தில் ஒரு பேராசிரியர் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கான விடையை எல்லாப் பிரிவு மாணவர்களின் தாள்களிலும் திருத்துவார், அடுத்த கேள்வியை வேறொருவர் திருத்துவார். தன் பிரிவுக்கு மட்டும் தாராளமாக மதிப்பெண் போட யாருக்கும் வழியில்லை. நல்ல மாணவர்கள் நல்ல ஆசிரியரைத் தேடிப் போய்விட்டார்கள், கேள்வித்தாள் எளிதாக இருந்தது, திருத்தியவர் இளகிய மனதுக்காரர் என்று கல்வி ஆய்வுகளில் வழக்கமாக எழும் சந்தேகங்கள் ஏறத்தாழ எல்லாமே இங்கே அடைபட்டுப்போகின்றன. ஸ்காட் கேரல், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இரு பொருளியலாளர்கள் 2000 முதல் 2007 வரை அங்கே பயின்ற 10,534 மாணவர்களின் பதிவேடுகளை ஆராய்ந்து, 2010-இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

முடிவு பலரையும் திகைக்க வைத்தது. முதல் நுண்கணிதப் பாடத்தின் தேர்வில், அனுபவம் குறைந்த, முனைவர் பட்டம் இல்லாத ஆசிரியர்களின் மாணவர்களே சராசரியாகக் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். அந்த ஆசிரியர்களுக்கு மாணவர் மதிப்பீடும் நன்றாகவே இருந்தது. அதே மாணவர்கள் இரண்டாம் நுண்கணிதத்துக்கும் பொறியியல் பாடங்களுக்கும் போனபோது நிலைமை தலைகீழாகியது. முதல் பாடத்தை அனுபவமும் உயர்தகுதியும் கொண்ட பேராசிரியர்களிடம் படித்தவர்கள் அங்கே முந்தினார்கள். அந்தப் பேராசிரியர்களோ, முதல் பாடத்தின் முடிவில் தங்கள் மாணவர்களிடம் குறைந்த மதிப்பீடு வாங்கியிருந்தவர்கள். சுருங்கச் சொன்னால், மாணவர் மதிப்பீடு அந்தப் பருவத்துத் தேர்வு மதிப்பெண்ணோடு ஒத்துப்போனது, பிந்தைய கற்றலோடு முரண்பட்டது. இதற்குக் காரணம் என்ன என்பதை ஆய்வாளர்களால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. புதிய ஆசிரியர்கள் தேர்வை ஒட்டியே பாடம் நடத்தியிருக்கலாம். மூத்தவர்கள் பாடத்திட்டத்தைத் தாண்டிச் சற்று அகலமாகவும் ஆழமாகவும் போயிருக்கலாம். கடினமான ஆசிரியரிடம் சிக்கியவர்கள் தாமாக உழைக்கும் பழக்கத்தை அங்கேயே கற்றிருக்கலாம். எதுவாக இருந்தாலும் பாடம் முடிந்த கையோடு எடுத்த எண், பாடம் நிலைத்ததா என்பதைக் காட்டவில்லை.

நம் பொறியியல் மாணவர்களுக்கு நன்கு பழக்கமான ஓர் உதாரணத்தில் இதைப் பார்க்கலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் முதல் செமஸ்டரில் அணிகளும் நுண்கணிதமும் வருகின்றன. பல பிரிவுகளுக்கு மூன்றாம் செமஸ்டரில் உருமாற்றங்களும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும் வருகின்றன. ஃபூரியர் தொடர் இந்த இரண்டாவது பாடத்தில்தான் இருக்கிறது என்றாலும், அதன் கெழுக்களைக் கண்டுபிடிக்கத் தேவையான தொகையிடல் முழுவதும் முதலாவதில் கற்றிருக்க வேண்டியது. எக்ஸ் வர்க்கத்தைக் கொசைனால் பெருக்கித் தொகையிட வேண்டும் என்றால், நம் மாணவர் பெர்னோலி சூத்திரத்தைப் போட்டு மளமளவென்று முடித்துவிடுவார். முதல் செமஸ்டரில் ஓர் ஆசிரியர் அந்தச் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதி, பல்கலைக்கழகத் தேர்வில் திரும்பத் திரும்ப வந்த ஆறு கணக்குகளைப் போட்டுக் காட்டி, ‘முக்கியக் கேள்விகள்’ பட்டியலையும் கொடுத்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவர் ஒரு முழு மணி நேரத்தைச் செலவிட்டு, பெருக்கலின் வகைக்கெழு விதியிலிருந்து பகுதித் தொகையிடல் எப்படிப் பிறக்கிறது என்று காட்டுகிறார். ஒற்றைச் சார்பின் வரைபடத்தை வரைந்து, சுழியத்தின் இருபுறமும் உள்ள பரப்புகள் ஏன் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன என்று கேட்டு, பதில் சொல்லாமல் நிற்கிறார். முதல் வகுப்பில் எல்லாம் புரிந்ததுபோல இருக்கும். இரண்டாவது வகுப்பில் குழப்பமும் எரிச்சலும் மிஞ்சும். மூன்றாம் செமஸ்டரில் ஃபூரியர் தொடர் வரும்போது, இரண்டாமவரின் மாணவர் சார்பைப் பார்த்த மாத்திரத்தில் பாதிக் கெழுக்கள் சுழியம் என்று எழுதிவிடுவார். முதலாமவரின் மாணவர் ஒவ்வொன்றையும் தொகையிட்டுக்கொண்டிருப்பார். படிவம் நிரப்பிய நாளில் இருவருமே பொய் சொல்லவில்லை. தாங்கள் உணர்ந்ததைத்தான் எழுதினார்கள்.

கற்ற உணர்வும் கற்றலும் வெவ்வேறாக இருக்க முடியும் என்பதை ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் தொடக்கநிலை இயற்பியல் வகுப்புகளில் நேரடியாகவே சோதித்திருக்கிறார்கள். லூயி டெலோரியேவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு அது. மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தேர்ந்த, சரளமான விரிவுரை. மறுபாதிக்கு அதே பாடக்குறிப்புகளை வைத்துக்கொண்டு, சிறு குழுக்களாக அமர்ந்து தாங்களே கணக்குகளோடு மல்லுக்கட்டும் வகுப்பு. அடுத்த தலைப்புக்கு இரு பாதியினரும் இடம் மாறினார்கள். தாங்களே முயன்ற வகுப்பில் இருந்தவர்கள் தேர்வில் கூடுதலாக எடுத்தார்கள். ஆனால் எதில் அதிகம் கற்றீர்கள் என்று கேட்டபோது, விரிவுரையில்தான் என்றார்கள். பேச்சு தங்குதடையின்றி ஓடும்போது கேட்பவருக்குத் தானும் அதே வேகத்தில் போவதுபோன்ற எண்ணம் உண்டாகிறது. திணறும்போது தான் எதையும் கற்கவில்லை என்று தோன்றுகிறது. கணிதத்தில் திணறல் என்பது கற்றலின் பெரும்பகுதி. ஒரு தேற்றத்தின் நிறுவலை வாசிக்கும்போது எல்லா வரியும் சரியாகப்படும். தாளை மூடிவைத்துவிட்டு எழுத உட்கார்ந்தால்தான் எந்த வரியில் உண்மையில் நின்றுபோனோம் என்பது தெரியும். அந்த இரண்டாவது அனுபவத்தைத் தரும் ஆசிரியர், படிவத்தில் அதற்கான விலையைக் கொடுக்கிறார்.

படைவீரர்களைப் பயிற்றுவிக்கும் இடத்தில் கிடைத்த முடிவைப் பொதுக் கல்லூரிகளுக்குப் பொருத்தலாமா என்று கேட்பது நியாயம். அங்கே ஒழுங்கு வேறு, மாணவர்கள் வேறு. இதே வகையில் இத்தாலியின் மிலான் நகரில் உள்ள போக்கோனி பல்கலைக்கழகத்தில் பிராகா, பக்கான்யெல்லா, பெல்லிசாரி ஆகிய மூவர் செய்த ஆய்வு 2014-இல் வந்தது. பொருளியலும் மேலாண்மையும் படிக்கும் சாதாரணக் குடிமக்கள் அவர்கள். கட்டாயப் பாடங்களுக்கான வகுப்புகளில் அவர்களும் குலுக்கல் முறையில்தான் சேர்க்கப்பட்டார்கள். பிந்தைய பாடங்களில் மாணவர் செய்ததை வைத்து ஆசிரியரின் திறனைக் கணக்கிட்டால், அது மாணவர் மதிப்பீட்டோடு எதிர்த்திசையில்தான் போனது. படிவம் நிரப்பிய நாளின் வானிலைகூட மதிப்பீட்டைப் பாதித்தது. ஆனாலும், நல்ல ஆசிரியர் எங்குமே குறைந்த மதிப்பெண்தான் வாங்குவார் என்று நான் வாதிடவில்லை. அப்படி ஒரு விதி கிடையாது. 1981-இல் பீட்டர் கோஹென் பல ஆய்வுகளைத் தொகுத்து, மாணவர் மதிப்பீட்டுக்கும் கற்றலுக்கும் 0.43 அளவில் ஒத்த தொடர்பு இருக்கிறது என்றார். படிவங்கள் உலகெங்கும் பரவியதற்கு அது பெரிய ஆதாரமாக இருந்தது. பாப் உட்லும் அவருடைய சகாக்களும் 2017-இல் அதே வகை ஆய்வுகளை மறுபடியும் தொகுத்து, மிகச் சிறிய எண்ணிக்கையிலான வகுப்புகளை வைத்துச் செய்த ஆய்வுகளே அந்தத் தொடர்பைப் பெரிதாகக் காட்டின என்றும், பெரிய ஆய்வுகளில் அது ஏறத்தாழ இல்லாமலே போகிறது என்றும் காட்டினார்கள். இடத்துக்கு இடம் தொடர்பு கூடலாம், குறையலாம், எதிராகவும் திரும்பலாம். ஓர் ஆசிரியரின் வேலையைத் தீர்மானிக்க அத்தகைய அளவுகோல் போதாது.

கணித ஆசிரியர்களுக்கு இதில் இன்னொரு பாரமும் உண்டு. உட்லும் ஸ்மைபர்ட்டும் சேர்ந்து, நியூயார்க் பல்கலைக்கழகம் பொதுவில் வெளியிட்டிருந்த 14,872 வகுப்புகளின் மதிப்பீடுகளை எடுத்து, கணிதம் சார்ந்த பாடங்களையும் ஆங்கிலம் போன்ற பாடங்களையும் ஒப்பிட்டார்கள். கணித வகுப்புகளின் மதிப்பெண் தெளிவாகவே தாழ்ந்திருந்தது. எல்லாத் துறைக்கும் ஒரே கோட்டை நிறுவனம் கிழித்தால், கணிதம் நடத்துகிறார் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் கோட்டுக்குக் கீழே விழும் வாய்ப்புப் பலமடங்கு கூடுகிறது. பெண்களுக்குப் பாரம் மேலும் கனக்கிறது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 20,000 மதிப்பீடுகளை மெங்கல், சவர்மன், சோலிட்ஸ் ஆகியோர் ஆராய்ந்தபோது, மாணவர்களின் தேர்வு மதிப்பெண்ணிலோ படிக்கும் நேரத்திலோ வித்தியாசம் இல்லாமலே, பெண் ஆசிரியர்கள் குறைவாக மதிப்பிடப்பட்டது தெரியவந்தது. கணிதம் கலந்த பாடங்களில் அந்த இடைவெளி அதிகம். பணியில் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு இன்னும் அதிகம். எல்லாப் பிரிவுக்கும் பொதுவான பாடநூலையும் பாடப்பொருட்களையும்கூட, நடத்தியவர் பெண்ணாக இருந்தால் மாணவர்கள் குறைவாக மதிப்பிட்டார்கள். நம் கல்லூரிகளின் கணிதத் துறைகளில் பெண் ஆசிரியர்கள் ஏராளம். முதலாண்டுப் பொறியியல் மாணவர்களுக்கு, அவர்கள் விரும்பித் தேர்ந்தெடுக்காத கணிதத்தை நடத்தும் பொறுப்புப் பெரும்பாலும் அவர்கள் மீதே விழுகிறது. அவர்களுடைய தசமப் புள்ளிகளைப் படிக்கும் நிர்வாகி இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் படிக்கிறாரா?

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் எனக்கு மிகவும் வலுவாகப்படுவது வேறு. ஆசிரியரின் கையில் மாணவரின் அகமதிப்பீடு இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி, எழுத்துத் தேர்வுப் பாடத்தில் நூற்றுக்கு 40 அதுதான். வகுப்புக்கு வராத, வந்தாலும் குறிப்பை வாசித்துவிட்டுப் போகிற, சந்தேகம் கேட்டால் அவமானப்படுத்துகிற, ‘அரியர் வைத்துவிடுவேன்’ என்று மிரட்டுகிற ஆசிரியரைப் பற்றி முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த ஒரு மாணவி வேறு எங்கே போய்ச் சொல்வாள்? பெயர் தெரியாமல் நிரப்பும் அந்தப் படிவம்தான் அவளுக்கு இருக்கும் ஒரே வாய். அதையும் பறித்துவிடலாமா? கூடாது. இந்த வாதத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். ஏற்பதாலேயே, அந்த வாயை ஒரு சராசரி எண்ணாக்கி மூடிவிடக் கூடாது என்கிறேன். 5-க்கு 3.4 என்ற எண்ணுக்குள் அந்த மிரட்டல் எங்கே இருக்கிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கடினமான கேள்வித்தாள் தந்த நல்ல பேராசிரியருக்கும் அதே 3.4, வகுப்பையே தட்டிக்கழித்தவருக்கும் அதே 3.4.

ஆகவே கேள்விகளைப் பிரிக்க வேண்டும். மாணவர் கண்ணால் கண்டவற்றை அவரிடம் கேளுங்கள். எத்தனை வகுப்புகள் நடந்தன, நேரத்துக்குத் தொடங்கினவா, இடைத்தேர்வுத் தாள்கள் திருத்தப்பட்டு எத்தனை நாளில் கைக்கு வந்தன, தவறு எங்கே என்று குறித்துத் தந்தார்களா, சந்தேகம் கேட்க முடிந்ததா, யாராவது சாதியாலோ பாலாலோ மொழியாலோ இழிவுபடுத்தப்பட்டார்களா? இவற்றில் மாணவர்தான் நேரடிச் சாட்சி, அவர் சொல்வதை விசாரிக்க முடியும், உண்மையா என்று சரிபார்க்கவும் முடியும். ‘நாக்’ கணக்கெடுப்பின் முதல் கேள்வியே பாடத்திட்டத்தில் எவ்வளவு பகுதி வகுப்பில் நடத்தப்பட்டது என்பதுதான். அது நல்ல கேள்வி, மாணவரால் பதில் சொல்லக்கூடியது. அடுத்த கேள்வி, ஆசிரியர்கள் வகுப்புக்கு எவ்வளவு நன்றாகத் தயாரித்து வந்தார்கள் என்று கேட்கிறது. கரும்பலகையில் தடுமாறாமல் எழுதுபவர் முப்பது ஆண்டுகளாக ஒரே குறிப்பை எழுதிக்கொண்டிருக்கலாம். புதிய கணக்கொன்றைத் தயாரித்துக்கொண்டு வந்தவர் அதில் சற்றுத் தடுமாறலாம். தயாரிப்பு வகுப்பறைக்கு வெளியே நடப்பது, மாணவர் அதைப் பார்ப்பதில்லை. இந்த இரு வகைக் கேள்விகளும் ஒரே பட்டியலில், ஒரே அளவுகோலில் கலந்து கிடப்பதுதான் குழப்பத்தின் வேர். கல்லூரிகள் தாங்களாகத் தயாரிக்கும் ஆசிரியர்வாரிப் படிவங்களில் இந்தக் கலப்பு இன்னும் மோசம்.

மாணவர் அனுபவத்தை உண்மையிலேயே அறிய வேண்டுமானால் என்ன செய்வது? கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 1970-களில் யூரி டிரைஸ்மன் செய்ததை இதற்குச் சிறந்த முன்மாதிரியாக நான் கருதுகிறேன். அப்போது அவர் அங்கே ஆய்வு மாணவர். முதலாண்டு நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் பெருமளவில் தோற்றார்கள், சீன வம்சாவளி மாணவர்கள் நன்றாகச் செய்தார்கள். ஏன் என்று பேராசிரியர்களைக் கேட்டால் ஆளுக்கொரு விளக்கம் தயாராக இருந்தது. ஊக்கம் போதாது, பள்ளி அடித்தளம் சரியில்லை, வீட்டில் ஆதரவில்லை, வறுமை. டிரைஸ்மன் படிவம் எதையும் நீட்டவில்லை. இரு தரப்பிலும் இருபது இருபது பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் எங்கே, எப்படிப் படிக்கிறார்கள் என்பதைப் பல மாதங்கள் கூடவே இருந்து கவனித்தார். பேராசிரியர்களின் விளக்கங்கள் ஒன்றுகூட நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் பலர் தங்கள் பள்ளியில் முதலிடம் பெற்றவர்கள். அவர்களுடைய பெற்றோர் பிள்ளைகளின் படிப்பில் ஆழ்ந்த அக்கறை கொண்டவர்கள். ஒரு வகுப்பு நேரத்துக்கு இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்று சொன்னதை அப்படியே நம்பி, வாரத்துக்கு எட்டு மணி நேரம் தனியாக உட்கார்ந்து படித்தார்கள். சீன வம்சாவளி மாணவர்கள் வாரத்துக்குச் சுமார் பதினான்கு மணி நேரம் படித்தார்கள். முதலில் தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு கூடி உட்கார்ந்து விடைகளை ஒப்பிட்டு, ஒருவர் தவறை மற்றவர் திருத்தி, பழைய தேர்வுக் கணக்குகளைப் பகிர்ந்துகொண்டார்கள். ஒரு கணக்கு யாருக்குமே வரவில்லை என்றால், அது உண்மையிலேயே கடினம் என்பது அவர்களுக்குத் தெரிந்தது. தனியாகப் படித்தவரோ, தனக்குத்தான் கணிதம் வராது என்று முடிவுசெய்துகொண்டார்.

இந்த ஒரு வேறுபாடு எந்த ஃபீட்பேக் படிவத்திலும் வந்திருக்காது. தோற்ற மாணவரைக் கேட்டிருந்தால் பேராசிரியர் வேகமாக நடத்துகிறார் என்றோ, தேர்வு கடினம் என்றோ எழுதியிருப்பார். பேராசிரியரைக் கேட்டால் மாணவர்களுக்கு அடித்தளம் இல்லை என்றார். இரண்டுமே நோயின் இடத்தைத் தொடவில்லை. டிரைஸ்மன் கண்ட தீர்வும் கவனிக்கத்தக்கது. பின்தங்கியவர்களுக்கு எளிய கணக்குகளோடு ‘மெல்லக் கற்போர் வகுப்பு’ நடத்துவதை அவர் தவிர்த்தார். வகுப்பில் வருவதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, குழுவாக உட்கார்ந்து போட வைத்தார். அதில் பங்கேற்றவர்களின் தேர்ச்சி கணிசமாக உயர்ந்தது. பிற அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் அந்த முறையைப் பின்பற்றின. மாணவர் அனுபவத்தைக் கூர்ந்து கவனித்ததால் கிடைத்த பலன் அது. பேராசிரியர் யாருக்கும் மதிப்பெண் போடாமலே கிடைத்தது.

இன்னொரு பக்கத்திலிருந்தும் மறுப்பு வரும். கடினமான பேராசிரியரே நல்லவர் என்று சொல்லிவிட்டால், புரியாமல் நடத்துகிற ஒவ்வொருவரும் தன்னைக் கண்டிப்பானவர் என்று சொல்லிக்கொண்டு தப்பித்துவிடுவார்களே? இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. பாதி வகுப்பு தோற்றதைத் தரத்தின் அடையாளமாகப் பேசும் மனப்பான்மை கணிதத் துறைகளில் பழையது, தீங்கானது. ஆனால் நான் காட்டிய சான்றுகள் அதற்குத் துணைபோகவில்லை. ஸ்காட் ஃப்ரீமனும் சகாக்களும் அறிவியல், கணிதம், பொறியியல் வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியிட்டார்கள். விரிவுரை மட்டுமே நடந்த வகுப்புகளில் சராசரியாக 33.8 சதவீதம் பேர் தோற்றார்கள். மாணவர்களை வகுப்பிலேயே கணக்குப் போடவும் விவாதிக்கவும் வைத்த இடங்களில் 21.8 சதவீதம். சுவரைப் பார்த்துப் பேசிவிட்டுப் போகிறவருக்கு இதில் எந்த ஆறுதலும் கிடையாது. மாணவர் திணறினார் என்பதால் மட்டும் பேராசிரியர் நல்லவராகிவிட மாட்டார், மகிழ்ந்தார் என்பதால் மட்டும் நல்லவராகிவிடவும் மாட்டார். திணறலுக்குப் பிறகு மாணவரால் என்ன செய்ய முடிந்தது என்று பார்க்கச் சொல்கிறேன், அவ்வளவுதான். அப்படிப் பார்க்கத் தொடங்கினால், கண்டிப்பு என்ற போர்வைக்குள் ஒளிந்திருக்கும் சோம்பலும் சேர்ந்தே வெளிப்படும்.

சில நேரங்களில் அந்தப் பலன் வெளிப்பட ஆண்டுக்கணக்கில் ஆகும். பிரான்சிலிருந்து 1937-இல் இந்தியா வந்த யேசு சபைத் துறவி சார்ல்ஸ் ரசின், சென்னை லயோலா கல்லூரியில் நெடுங்காலம் கணிதம் கற்பித்தார். ஐரோப்பாவில் அப்போது உருவாகிக்கொண்டிருந்த நவீன கணிதத்தை, தேர்வுக்குத் தேவையா என்று பாராமல், மாணவர்களுக்கு அறிமுகம் செய்தார். திறமையானவர்களை மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்துக்குப் போகும்படி தூண்டினார். அப்படி 1953-இல் அங்கே சேர்ந்த சி. எஸ். சேஷாத்ரி, எம். எஸ். நரசிம்மன் இருவரும் 1965-இல் வெளியிட்ட தேற்றம் இன்று அவர்கள் பெயராலேயே உலகெங்கும் அறியப்படுகிறது. பின்னாளில் சென்னைக் கணிதவியல் கழகத்தை உருவாக்கியவரும் சேஷாத்ரிதான். எல்லா ஆசிரியரையும் இந்த உயரத்தில் வைத்து அளக்க முடியாது என்பது உண்மை. ஆனால் ஒரு கணித ஆசிரியரின் பலன் எவ்வளவு தள்ளி விளையக்கூடும் என்பதற்கு நம் ஊரிலேயே இருக்கும் சான்று இது.

அன்றாட நடைமுறைக்கு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை, ஓராண்டு போதும். தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வசதி ஏற்கெனவே இருக்கிறது. இணைப்புக் கல்லூரிகளின் மாணவர்கள் எல்லோரும் ஒரே நாளில், ஒரே பல்கலைக்கழக வினாத்தாளை எழுதுகிறார்கள். விடைத்தாள்களுக்குப் பதிவெண்ணை மறைத்து டம்மி எண் கொடுத்து, மையங்களில் வைத்து, பிற கல்லூரி ஆசிரியர்கள் திருத்துகிறார்கள். கொலராடோவில் ஆய்வாளர்களுக்குக் கிடைத்த பொதுத் தேர்வும் பாரபட்சமற்ற திருத்தமும் நம்மிடம் பல ஆண்டுகளாக வழக்கத்தில் உள்ளன. முதல் செமஸ்டர் கணிதத்தை யாரிடம் படித்த மாணவர்கள் மூன்றாம் செமஸ்டர் கணிதத்திலும், சைகைகள் பற்றிய பாடத்திலும், கட்டமைப்புப் பகுப்பாய்விலும் எப்படிச் செய்தார்கள் என்பது கல்லூரியின் பதிவேட்டிலேயே இருக்கிறது. அதை யாரும் அந்தக் கண்ணோட்டத்தில் புரட்டுவதில்லை. தேர்ச்சி விகிதத்தை மட்டும் அந்தந்தச் செமஸ்டரோடு எழுதி மூடிவிடுகிறார்கள். அந்த விகிதமும், கேரலும் வெஸ்ட்டும் எச்சரித்த அதே குறுகிய கால எண்தான்.

இதைச் செய்வதிலும் நிதானம் வேண்டும். நம் கல்லூரிகளில் பிரிவுகள் குலுக்கலில் அமைவதில்லை. கணினி அறிவியல் பிரிவுக்கு வருபவர்களின் கட்-ஆஃப் ஒன்று, கட்டடவியலுக்கு வருபவர்களுடையது வேறு. ஒரே கல்லூரியில், ஒரே துறையின் ‘ஏ’ பிரிவையும் ‘பி’ பிரிவையும் ஒப்பிடலாம். துறை தாண்டியோ கல்லூரி தாண்டியோ ஒப்பிட்டால் பெரும்பாலும் மாணவர் சேர்க்கையைத்தான் அளந்துகொண்டிருப்போம். அறுபது பேர் கொண்ட ஒரு வகுப்பின் ஓராண்டு விவரத்தை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது, மூன்று நான்கு ஆண்டுகளாவது சேர வேண்டும். அகமதிப்பீட்டை விலக்கிவிட்டு எழுத்துத் தேர்வை மட்டும் எடுக்க வேண்டும். கிடைக்கும் விவரத்தைச் சுவரில் ஒட்டும் தரவரிசையாக்கிவிட்டால், ஆசிரியர்கள் மூன்றாம் செமஸ்டர் வினாத்தாளுக்கும் சேர்த்து முக்கியக் கேள்விகள் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். துறைக் கூட்டத்தில், ஓர் ஆசிரியரின் பிரிவு ஏன் தொடர்ந்து நன்றாகச் செய்கிறது, அவர் வகுப்பில் போய் உட்கார்ந்து பார்க்கலாமா என்று பேசத்தான் அது பயன்பட வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு இந்த வழி கடினம். அங்கே பாடம் நடத்தியவரே வினாத்தாள் அமைப்பதும் திருத்துவதும் உண்டு. அவர்கள் விமானப்படைக் கல்விக்கழகத்தின் முறையைக் கடன் வாங்கலாம். முதலாண்டுக் கணிதத்துக்குப் பொது வினாத்தாள், ஆளுக்கொரு கேள்வியாகப் பகிர்ந்து திருத்துதல். இதற்குப் பணம் வேண்டாம், துறைக்குள் உடன்பாடு இருந்தால் போதும். மாணவர் கருத்தையும் இன்னொரு முறை கேட்கலாம். மூன்றாம் ஆண்டு மாணவரிடம், முதலாண்டுக் கணிதத்தில் உங்களுக்கு எது இன்று கைகொடுக்கிறது, எது இல்லாமல் தவிக்கிறீர்கள் என்று எழுதித் தரச் சொன்னால், செமஸ்டர் முடிவில் கிடைத்ததைவிடப் பயனுள்ள பதில் வரும். அப்போது அவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஏதோ ஒன்று இருக்கிறது.

கனடாவின் டொரொன்டோவில் ரையர்சன் என்ற பெயரில் அப்போது இயங்கிய பல்கலைக்கழகத்துக்கும் அதன் ஆசிரியர் சங்கத்துக்கும் இடையே மாணவர் மதிப்பீடு குறித்து நீண்ட வழக்கு நடந்தது. 2018-இல் நடுவர் வில்லியம் கப்ளன் அளித்த தீர்ப்பு, பதவி உயர்வுக்கோ பணி நிரந்தரத்துக்கோ கற்பித்தல் திறனை அளக்க அந்த மதிப்பெண்களைப் பயன்படுத்தக் கூடாது என்றது. மாணவர் தன் அனுபவத்தைச் சொல்வதற்குப் படிவம் தொடரலாம் என்றும் அவர் ஏற்றார். அங்கே ஆசிரியர்களுக்காக வாதாட ஒரு சங்கம் இருந்தது. இங்கே ஆண்டுதோறும் பணி நீட்டிப்புக்குக் காத்திருக்கும் கௌரவ விரிவுரையாளருக்கும், நிர்வாகம் நினைத்தால் அடுத்த மாதமே வெளியேற வேண்டிய சுயநிதிக் கல்லூரி ஆசிரியருக்கும் அப்படி வாதாட யார் இருக்கிறார்கள்? அந்த நிலையில் இருக்கும் ஒருவர், பகுதித் தொகையிடல் எங்கிருந்து வருகிறது என்று காட்ட ஒரு மணி நேரத்தைச் செலவிடுவதா, ஆறு கணக்குகளைப் போட்டுக் காட்டிவிட்டு மாணவர்களின் நல்லெண்ணத்தைச் சம்பாதிப்பதா என்று யோசிக்கும்போது, தன் குடும்பத்தையும் சேர்த்துத்தான் யோசிப்பார். முதலாண்டுக் கணித வகுப்புகளில் பெரும்பாலானவற்றை இத்தகைய ஆசிரியர்களே நடத்துகிறார்கள் என்றால், பணி நீட்டிப்புக் கோப்பிலிருந்து அந்தத் தசமப் புள்ளியை எடுத்துவிடுவதுதான் பல்கலைக்கழகங்கள் முதலில் செய்ய வேண்டியது. மாணவர் எழுதும் புகார்களைப் படித்து விசாரிக்கும் குழுவை அதே உத்தரவில் அமைக்கலாம்.